நண்டின் கண்ணும் வேம்பின் மொட்டும்

குழந்தைகளைக் கவிதை வழியாகவும் ஓவியம் வழியாகவும் இயற்கையோடு இணைப்பது குறித்து இந்தக் கருத்தரங்கில் இரண்டு நாள் பேசவிருக்கிறோம்.

ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களில் 'கள்வன் பத்து' என்று ஒரு பகுதி உண்டு. கள்வன் என்பது இங்கே நண்டைக் குறிக்கும். பாடியவர் ஓரம்போகியார். பத்துப் பாட்டிலும் வயல் நண்டு வருகிறது. அவற்றுள் ஒன்றில், நண்டின் நீண்ட கண்ணுக்கு வேம்பின் மொட்டை உவமை சொல்கிறார் புலவர். மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும் மொட்டையும், தண்டின் மேல் தூக்கி நிற்கும் நண்டின் கண்ணையும் நின்று நிதானமாகப் பார்த்தவருக்குத்தான் இது தோன்றும். அதே பாட்டில் நெற்பூ உதிர்ந்து நண்டின் வளை நிறைகிறது. வரப்பில் குனிந்து வளைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார் மனிதர். இன்றைக்கும் வேம்பு பூக்கும் பருவத்தில் ஒரு பிள்ளையை வயலுக்கு அழைத்துப்போனால், புலவர் சொன்னது சரிதானா என்று அது தானே பார்த்துச் சொல்லிவிடும்.

அப்படிப் பார்க்க நாம் அனுப்புவதில்லை. செய்யுளுக்குப் பொழிப்புரை எழுத வைக்கிறோம், உவமையணி என்று விடை எழுத வைக்கிறோம், மதிப்பெண் போடுகிறோம். நண்டு புத்தகத்துக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

ஓவிய வகுப்பிலும் இதே கதைதான். நோட்டைத் திறந்தால் இரண்டு முக்கோண மலைகள், நடுவில் பாதிச் சூரியன், கீழே ஒரு ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை. தஞ்சாவூர்ப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது, இராமநாதபுரத்துப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் மலையே இல்லாத ஊர்கள் அவை! வீட்டு வாசலில் கருவேலம் நிற்கும், கண்மாயில் கொக்கு நிற்கும். காகிதத்தில் அவற்றுக்கு இடமில்லை. பூச்சி அரித்த இலையை அரித்தபடியே வரைந்த பிள்ளையிடம், 'இலையை முழுசாப் போடு, பச்சை அடி' என்று திருத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஓட்டையைக் கவனித்த கண்ணை அல்லவா நாம் கொண்டாடியிருக்க வேண்டும்?

மரம் வளர்ப்போம் என்று அறிவுறுத்தும் பாட்டுகளின் நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த மரம் எந்த மரம்? புங்கனா, வேம்பா, உதியா? பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய பிள்ளைக்குப் பூவரசைக் காப்பாற்ற வேண்டும் என்று தனியாக ஒரு பாடம் வேண்டியதில்லை. பெயரும் தொடுகையும் முதலில் வரட்டும். பொறுப்பு அதிலிருந்து வளரும் என்பது என் துணிபு.

பெயர் சொல்லிப் பழகுவதற்குக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு நல்ல வழிகாட்டி. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்று பழைய குறிப்பு சொல்கிறது. கற்பிக்க எழுந்த அந்தப் பாட்டில், தினைப்புனம் காக்கப்போன பெண்கள் அருவியாடி, பூப்பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். செங்காந்தளில் தொடங்கும் அந்தப் பட்டியலில் 99 பூக்கள் என்பது வழக்கமான கணக்கு. 'பலவகைப் பூக்கள்' என்று ஒரே சொல்லில் கபிலர் கடந்து போயிருக்கலாம். போகவில்லை.

தாகூரும் பிள்ளைகளை இயற்கையோடு இணைக்கும் வழியில் நடந்தவர். 1901இல் அவர் தொடங்கிய சாந்திநிகேதன் பள்ளியில் மரத்தடியே வகுப்பறை. வங்காளப் பிள்ளைகளுக்கு அவர் எழுதிய 'சஹஜ் பாட்' 1930இல் வந்தபோது, அதற்குப் படம் செதுக்கியவர் நந்தலால் போஸ். எழுத்தறியும் முதல் புத்தகத்திலேயே பெருங்கவிஞரும் பெரும் ஓவியரும் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் இருந்தார். காட்டுயிர்களைப் பற்றி எழுதியதோடு தம் கட்டுரைகளுக்குத் தாமே படமும் வரைந்தவர். எழுதுவதும் வரைவதும் அவருக்கு ஒரே கவனத்தின் இரண்டு வேலைகள். பள்ளிகளில் தமிழாசிரியரும் ஓவிய ஆசிரியரும் ஒரே மரத்தடியில் பாடம் எடுக்க நாம் ஏன் ஒரு பாடவேளை ஒதுக்கக்கூடாது?

நகரத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். காட்டுக்குப் போக வேண்டாம். மாடிச் சுவரின் விரிசலில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. கைப்பிடிச் சுவரில் அணில் ஓடுகிறது, மின்கம்பத்தில் காகம் கூடு கட்டுகிறது. மாதம் முழுவதும் அந்த ஒரு கூட்டையே பார்த்து, வாரம் ஒரு படம் வரைந்து நாலு வரி எழுதட்டும். எதுகை மோனை பிறகு வரும்.

கட்டுரை வாசிக்கவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் பிள்ளைகளும் பாட்டிமார்களும் வழங்கும் செடி, பறவை, பூச்சிப் பெயர்களைப் பிற்பகல் அமர்வில் சொல்லுங்கள். அவற்றை மாவட்டவாரியாகத் தொகுத்து, பிள்ளைகள் வரைந்த படங்களோடு ஒரு கையேடாக்கும் பொறுப்பை இந்தக் கருத்தரங்கு ஏற்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். நாளை நிறைவு அமர்வில் அதற்கென ஒரு குழுவை அமைத்துவிடுவோம். இப்போது முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.