சாலையில் பார்த்ததை யாரிடம் சொல்வது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில், மோட்டார் வாகன ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஆற்றிய உரை)



செயலாளர் என்னிடம், "பதினைந்து நிமிஷம் பேசுங்க சார். ஆனா ஹெல்மெட் போடுங்கன்னு மட்டும் பேசிடாதீங்க, அது எல்லாருக்கும் தெரியும்" என்றார். சரி, ஹெல்மெட்டை விட்டுவிடுகிறேன். யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன். உங்களுக்கு முன்னால் ஒரு லாரி ஆபத்தான முறையில் சரக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. பார்க்கிறீர்கள், "அநியாயம்" என்கிறீர்கள், ஒதுங்கிப் போய்விடுகிறீர்கள். அதை யாரிடம், எப்படிச் சொல்ல வேண்டும்? சொன்னால் பயன் உண்டா? இதுதான் என் பேச்சு.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். கணக்குப் போட்டால் நம் மாநிலத்தில் நாளொன்றுக்கு 49 பேர். எல்லாம் சரக்கு வண்டியால் வந்தவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவற்றில் எத்தனையோ, நடப்பதற்கு முன்பே யாரோ ஒருவர் கண்ணில் பட்டவை என்பது என் பணி அனுபவம்.

ஒரு நிகழ்ச்சியை நினைவுபடுத்துகிறேன். 25-7-2012. தாம்பரத்தை அடுத்த முடிச்சூர். இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ரோட்டில் விழுந்து, அதே பேருந்தின் பின்சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்த ஓட்டையைப் பலகை போட்டு மூடி வைத்திருந்தார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்தப் பேருந்துக்குச் சில வாரங்கள் முன்புதான் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., கொடுக்கப்பட்டிருந்தது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது.

விதி வந்தது நல்லது. ஆனால் எங்கள் துறையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஓர் ஆய்வாளர் ஒரு வண்டியை வருடத்துக்கு ஒரு முறையோ, இரண்டு வருடத்துக்கு ஒரு முறையோ பார்க்கிறார். அதுவும் கழுவித் துடைத்து, பெயின்ட் அடித்து, பொட்டு வைத்துக் கொண்டுவந்து நிறுத்திய வண்டியை! நீங்கள் அதைத் தினமும் பார்க்கிறீர்கள், ஓடுகிறபோது பார்க்கிறீர்கள், லோடோடு பார்க்கிறீர்கள். ஆகவே உங்கள் கண் எங்கள் கண்ணைவிடப் பெரியது. அது வாய் திறக்காமல் இருப்பதுதான் குறை.

எதைப் பார்க்க வேண்டும்? படித்தது மெக்கானிக்கல் என்பதால் கொஞ்சம் கணக்கு. எம்.சாண்ட் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. உலர்ந்த நிலையில் சுமார் நாலரை டன். ஆறு சக்கர டிப்பர் ஏற்றக்கூடியது சுமாராகப் பத்துப் பன்னிரண்டு டன். அதில் நான்கு யூனிட் ஏற்றினால் 18 டன். ஈர மணலாக இருந்தால் அதற்கும் மேல். எடை கூடக் கூட, அதே வேகத்தில் இயக்க ஆற்றலும் கூடுகிறது. பிரேக் டிரம் மட்டும் அதே பழைய டிரம்தான். மலை இறக்கத்தில் டிரம் சூடேறினால் பிரேக் பிடிக்காது. 'பிரேக் ஃபெயிலியர்' என்று மறுநாள் பேப்பரில் வருவதில் பாதி, முதல் நாள் எடைமேடையிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

சாலைக்கும் இதே கதை. அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊரில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிப் பார்த்துச் சோதனை செய்தார்கள். அச்சின் எடை கூடினால் சாலையின் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் படியில் கூடுகிறது என்று கண்டார்கள். 20 சதவீதம் கூடுதல் எடை என்றால் சேதம் இரு மடங்கு. எடை இரு மடங்கானால் சேதம் 16 மடங்கு. "புது ரோடு போட்டு ஆறு மாசம் ஆகலை, பல்லைக் காட்டுது" என்று கான்ட்ராக்டரை மட்டும் திட்டுகிறோமே, மணல் லாரிக்கும் அதில் பங்கு உண்டு.

எடைமேடை இல்லாமல் எப்படித் தெரியும் என்பீர்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டை நிமிர்ந்து தட்டையாகிவிட்டதா, டயர் பக்கவாட்டில் பிதுங்குகிறதா, வண்டி ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். ஜல்லி லாரியில் தார்ப்பாய் இருக்கிறதா? வைக்கோல் லாரியில் போர் இரண்டு பக்கமும் பிதுங்கி, மேலே மின்கம்பியைத் தொடுகிறதா? கரும்பு டிராக்டரின் பின்விளக்கு தெரிகிறதா, சோகை மூடிவிட்டதா? இரவில் பைக்கில் வருகிறவனுக்கு விளக்கில்லாத கரும்பு டிரெய்லர் ஒரு சுவர்.

அடுத்து கம்பி லாரி. முறுக்குக் கம்பி வழக்கமாக 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. சின்ன லாரியின் பாடி அதில் பாதிதான். மிச்சம் பின்னால் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு வரும். நுனியில் ஒரு சிவப்புத் துணி! துணி கட்டிவிட்டால் சட்டப்படி சரி என்று நினைப்பவர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். முன்பு ஒரு மீட்டர் வரை நீட்டலாம் என்று விதியில் இடம் இருந்தது. 2014-இல் மத்திய அரசு அதையும் எடுத்துவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, அளவுக்கு மீறி முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ உயரத்திலோ நீட்டிய சரக்குக்கு 20,000 ரூபாய் அபராதம் என்று பிரிவு 194-இல் தனியாகவே சேர்த்தார்கள். ஓவர்லோடுக்கும் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். எடை போட மறுத்தால் 40,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது என்று நிறுத்தவும் அதிகாரம் உண்டு.

குட்டியானையில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு போவது நம் ஊர் வழக்கம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவருடைய ஆள் என்றால் அது வேறு. மற்றவர்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தக் குடும்பம் வண்டிக்காரரின் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். அவரும் பெரும்பாலும் கடனில் வண்டி ஓட்டுபவர்.

இனி எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன். பணியில் இருந்தபோது எனக்கு வந்த இரண்டு தொலைபேசி அழைப்புகளைச் சொன்னால் போதும்.

முதல் அழைப்பு: "சார், ஒரு லாரி ஓவரா லோடு ஏத்திட்டுப் போகுது சார். நீங்கள்லாம் என்ன பண்றீங்க?" "எந்த இடம் சார்?" "பைபாஸ்ல சார்." "நம்பர்?" "அதெல்லாம் பார்க்கலை சார்." போனை வைத்துவிட்டார். பாவம், கோபம் நியாயமான கோபம்தான். அதை வைத்துக்கொண்டு நான் எந்த வண்டியை நிறுத்துவது?

இரண்டாவது அழைப்பு ஓர் அம்மா. பள்ளி ஆசிரியை என்று நினைக்கிறேன். "சார், நேரம் எட்டேகால். ரயில்வே கேட்டைத் தாண்டி ஊருக்குள்ள வருது. மஞ்சள் வேன், நம்பர் எழுதிக்குங்க. பின்கதவு கயித்துல கட்டியிருக்கு. பிள்ளைங்க நிக்கிறாங்க." அவ்வளவுதான். அரை நிமிடம். அடுத்த சிக்னலிலேயே வேனை நிறுத்தினோம். பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் 27 குழந்தைகள். கதவுக்கு உண்மையிலேயே கயிறுதான். குழந்தைகளை வேறு வண்டி வரவழைத்து அனுப்பிவிட்டு, வேனை அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம்.

அந்த அம்மா சொன்னது ஐந்து விவரம்: வண்டி எண், இடம், போகும் திசை, நேரம், ஆபத்து என்ன என்பது. இந்த ஐந்தும் இருந்தால் அது புகார். இல்லாவிட்டால் அது புலம்பல்.

ஆபத்து இந்த நிமிடமே என்றால், குடித்துவிட்டு ஓட்டுகிறான், கட்டு அவிழ்ந்து சரக்கு சரிகிறது என்றால், 112 அல்லது 100. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணிலும் சொல்லலாம். தினமும் நடக்கிற தவறு என்றால் எழுத்தில் கொடுங்கள்: வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாள் மனுவில் அதைக் குறிப்பிட்டே எழுதலாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில், "என் மனு மீது என்ன நடவடிக்கை?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பதில் எழுத வேண்டும் என்ற நிலை வந்தாலே கோப்பு நகரும். நான் உள்ளே இருந்து பார்த்தவன்.

செய்யக் கூடாததும் உண்டு. ஓட்டிக்கொண்டே போட்டோ எடுக்காதீர்கள். லாரியைத் துரத்திப் போய் மறிக்காதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டுப் புகார் கொடுத்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

"சார், சொன்னா நம்ம பேர் வெளியே போயிடும், வீட்டுக்கு ஆள் வரும்" என்ற பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 25-4-2023 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை அவர் அலுவலகத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்களுக்கு அதே ஆண்டில் ஆயுள் தண்டனை கிடைத்தது. போன உயிர் போனதுதான். ஆகவே மணல், கனிமம் என்று பெரிய பணம் புரளும் இடத்தில் உள்ளூரில் தனி ஆளாய் நிற்காதீர்கள். பெயரை ரகசியமாக வைக்கும்படி எழுதிக் கேளுங்கள். மாவட்ட அளவிலேயே கொடுங்கள். நாலு பேராய், ஒரு சங்கமாய்க் கையெழுத்துப் போடுங்கள். இது மாதிரிச் சங்கங்கள் வருடத்துக்கு ஒரு நாள் பிரியாணி சாப்பிடுவதற்கு மட்டும்தானா? விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிவிடுகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் தம்பிகள் தெரிந்துகொள்ளுங்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் அதற்குப் பாதுகாப்புக் கொடுத்தது, 2019-இல் சட்டத்திலேயே பிரிவு 134-ஏ என்று வந்துவிட்டது.

கடைசியாக, இந்த அரங்கில் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று. நான் ஒருமுறை கம்பி லாரி ஒன்றை நிறுத்தினேன். பொதுமக்களில் ஒருவர் சொன்ன புகார்தான். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. "மாப்ளே, நம்ம வண்டிடா. சைட்ல ஆளுங்க நிக்குது. கொஞ்சம் பார்த்து விடுடா." என் வகுப்புத் தோழன். ஹாஸ்டலில் ஒரே அறை. நான், "அபராதத்தைக் கட்டு, நீள வண்டி ஒன்னு அனுப்பி மாத்தி ஏத்திக்கோ" என்றேன். அவனுக்கு அரை நாள் வேலை கெட்டது. இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. அவன் இன்று இங்கே வந்திருக்கிறானா இல்லையா என்று நான் சொல்லப் போவதில்லை. (சிரிப்பு)

அந்த லாரியின் டிரைவரை நினைத்துப் பாருங்கள். டிரிப்புக்கு இவ்வளவு என்று படி வாங்குகிறவர். "இவ்வளவுதான் ஏத்துவேன்" என்று அவர் சொன்னால் மறுநாள் வேறு டிரைவர். ஏற்றச் சொன்னவர் ஏ.சி. அறையில் இருக்கிறார். சட்டம் ஓட்டியவரை மட்டும் பிடிக்கச் சொல்லவில்லை. ஓட்டச் செய்தவரையும் அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே புகார் எழுதும்போது வண்டி எண்ணோடு, சரக்கு எந்தக் குவாரியிலிருந்து, எந்த ஆலைக்கு, எந்தக் கட்டடத்துக்குப் போகிறது என்பதையும் தெரிந்தால் எழுதுங்கள். டிரைவர் ஒருவனைத் தண்டித்து முடித்துவிட்டால் நாளைக்கும் அதே லோடு வரும்.

நம் கல்லூரியில் படித்தவர்கள் இன்று கட்டட ஒப்பந்தக்காரர்கள், குவாரி வைத்திருப்பவர்கள், லாரி அதிபர்கள், பள்ளித் தாளாளர்கள், போலீஸ் அதிகாரிகள், எங்கள் துறை அதிகாரிகள். புகார் கொடுப்பவரும் நம் ஆள், பிடிப்பவரும் நம் ஆள், பிடிபடுகிறவரும் நம் ஆள் என்று வரத்தான் செய்யும். பிடிபடும்போது பழைய நட்பைக் காட்டி வண்டியை விடச் சொல்லிக் கேட்காதீர்கள். கேட்டால், யாரோ ஒருவர் பயத்தை விட்டு, நேரம் செலவழித்துக் கொடுத்த புகாரை நீங்கள் குப்பையில் போடுகிறீர்கள். அவர் அடுத்த முறை சொல்ல மாட்டார்.

தம்பி தங்கைகளுக்கு: பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போய் எந்த லாரியையும் குறை சொல்ல முடியாது. உள்ளே ஏறி நில்லுங்கள். நீங்கள் தினமும் வந்துபோகும் கல்லூரிப் பேருந்திலிருந்தே ஆரம்பியுங்கள். தரை, அவசர வழி, டயர், கதவு என்று வாரத்துக்கு ஒரு நாள் பாருங்கள். குறை இருந்தால் தேதி போட்டு எழுதி முதல்வர் அவர்களிடம் கொடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் தலையசைப்பதை நான் இங்கிருந்தே பார்க்கிறேன். (கைத்தட்டல்)

 எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.