பச்சை மிளகாயின் குணமும் குற்றமும்

தில்லியிலும் லக்னோவிலும் வெங்காயத்துடன் பச்சை மிளகாயும் முழுதாகவே உணவுத் தட்டில் வந்து அமர்கிறது. கீறித் தாளித்து, உண்ணும்போது ஒதுக்கிப் பழகிய நாம் சற்றே தயங்குகிறோம். ஒதுக்குவதில் நட்டமுண்டு. 1937-இல் நோபெல் பரிசு பெற்ற ஹங்கேரி அறிஞர் ஸெண்ட் ஜியார்ஜி வைட்டமின் ‘சி’யை ஏராளமாகப் பிரித்தெடுத்தது மிளகாய் இனத்திலிருந்தே. நெடுநேரம் கொதித்தால் அச்சத்துப் பெரிதும் குன்றும். பச்சையாக உண்டால், பருப்பிலும் கீரையிலுமுள்ள இரும்புச்சத்து உடலிற் சேரத் துணைபுரியும்.

ஆயினும் காரம் எல்லா வயிற்றுக்கும் ஒத்ததன்று. நெஞ்செரிச்சலோ மூலமோ உடையவர்கள், ஊர்ப் பழக்கமென்று பிடிவாதம் பிடியாமல் விலக்குதலே நன்று. மற்றையோர்க்கு ஓர் உபாயம் உண்டு. காரம் மிகுந்திருப்பது விதையில் அன்று, விதையைத் தாங்கும் வெண்ணிறச் சதையில். அதனை வழித்தெறிந்தால் காரம் தணியும். அப்படியும் வாய் எரிந்தால் தண்ணீர் பயன்படாது. ஒரு கரண்டித் தயிர் வேண்டும்.