நூலும் காற்றும்

டில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிட்டின வழி எது? நான் பூகோளம் போதித்த நாளில் ஒரு மாணவன் எழுந்து, "வட துருவத்தை ஒட்டிச் செல்வது, ஐயா" என்றான். சுவரில் தொங்கிய தட்டைப் படத்தைக் காட்டி, அவனை உட்காரச் சொல்லிவிட்டேன். அன்று மாலை பூகோள உருண்டையின்மேல் நூலை இழுத்துப் பிடித்தபோதுதான் என் பிழை விளங்கிற்று. நூல் துருவத்தருகே சென்றது. தொலைவு ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். மறுநாள் வகுப்பறிய அதை ஒப்புக்கொண்டேன். ஆசிரியனுக்கு அது எளிதன்று!

ஆனால் நூலும் முழுவதையும் சொல்லிவிடவில்லை. ஏர் இந்தியா விமானம் முதலில் மேற்கே அட்லாண்டிக்கைக் கடந்து, சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்தது. 2016 அக்டோபரில் அது கிழக்கே திரும்பிப் பசிபிக்கின் மேலாகச் சுமார் 15,300 கிலோமீட்டர் சென்றது. தொலைவு 1,400 கிலோமீட்டர் மிகுந்தது. நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்தது! காரணம் யாது? நடு அட்சப் பகுதிகளில், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று வீசுகிறது. அட்லாண்டிக் வழியில் எதிர்த்து நின்ற அக்காற்றே பசிபிக் வழியில் பின்னிருந்து தள்ளிற்று.

அப்படியானால் டில்லிக்குத் திரும்பும் விமானத்துக்கு எவ்வழி ஏற்றது? உருண்டையை எடுத்து வைத்துக்கொண்டு நீங்களே பாருங்கள்.