நீண்ட வீச்சும் நிறைந்த மூச்சும்



தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களின் அடித்தளத்தில், பிஸ்டன் ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கும் டீசல் எந்திரங்கள் உண்டு. உலகில் அவ்வினத்தின் மிகப் பெரியவற்றுள் ஒன்றான வார்ட்சிலா எந்திரத்தின் வீச்சு 2,500 மில்லிமீட்டர். சுழற்சியோ நிமிடத்துக்கு 102 முறைதான். அதன் பிஸ்டனுடைய சராசரி வேகம் வினாடிக்கு 8.5 மீட்டர். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் மேலிருந்து கீழே செல்லும் தூரமே வீச்சு. அதை நீட்டினால் எந்திரத்தின் கொள்ளளவு பெருகும். கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரம் நேராக ஓடும் டிராக் பந்தயத்துக்கு அமெரிக்க இளைஞர்கள் கண்ட வழி இதுவே. ஷெவர்லே நிறுவனம் 1967-இல் 5.7 லிட்டர் எந்திரம் ஒன்றையும், 1970-இல் 6.6 லிட்டர் எந்திரம் ஒன்றையும் வெளியிட்டது. பெரியதன் கிராங்க் தண்டை எடுத்து, அதன் கழுத்துகளைக் கடைந்து சிறிதாக்கி, சிறியதில் பொருத்தினார்கள். 88.4 மில்லிமீட்டர் வீச்சு 95.25 ஆயிற்று. சிலிண்டரையும் முக்கால் மில்லிமீட்டர் அகலப்படுத்தவே, கொள்ளளவு 6.27 லிட்டர் ஆயிற்று.

இதுவரை வெறுங்கணக்கு. தொல்லை இனிமேல்தான். எரியறை பழைய அளவிலேயே இருந்தால், 9 மடங்காக இருந்த அமுக்க விகிதம் ஏறத்தாழ 9.8 ஆகிவிடும். சாதாரணப் பெட்ரோல் அதைத் தாங்காமல் தட்டத் தொடங்கும். பற்றவைப்பு நேரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அல்லது உயர்ந்த ஆக்டேன் எரிபொருள் தேட வேண்டும்.

நம் கடலில் 1961 வரை முத்துக்குளித்தவர்களை எண்ணிப் பாருங்கள். நெஞ்சு அகன்றிருந்தால் மட்டும் போதுமா? மூழ்குமுன் அது நிறையக் காற்றை இழுக்க வேண்டாமா? எந்திரமும் அப்படியே. பெரிதான சிலிண்டருக்குப் பழைய வால்வும் பழைய காம் தண்டும் வைத்தால், உயர்ந்த சுழற்சியில் அது மூச்சுத் திணறும். இங்கே நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 பாகை வெப்பமுள்ள காற்றைவிட 35 பாகைக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவு. குளிர்நாட்டில் பொருத்திய கார்புரேட்டர் ஜெட் இங்கே பெட்ரோலைச் சற்று மிகையாக ஊட்டும். தீப்பொறிப் பிளக்கின் பீங்கான் கரி படிந்து கறுத்திருந்தால் அதுவே சாட்சி. வெளிறியிருந்தால் பெட்ரோல் போதவில்லை. விலையுயர்ந்த கருவிகளை நாடுமுன் நான் மாணவர்களைப் பார்க்கச் சொல்வது இந்த நிறத்தைத்தான்.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். நீட்டிய வீச்சோடு நிமிடத்துக்கு 6,500 முறை சுழன்றால் பிஸ்டன் வேகம் வினாடிக்கு 20.6 மீட்டர்! கப்பல் எந்திரத்தைப் போல் இரண்டரை மடங்கு. இணைப்புத் தண்டைப் பிய்க்கும் விசை வீச்சுக்கு நேர்விகிதத்திலும், சுழற்சியின் இருபடி விகிதத்திலும் ஏறுகிறது. ஆகவே சுழற்சி எல்லையைச் சில நூறு குறைத்து, தாழ்ந்த சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசையைக் கொண்டு புறப்பாட்டில் முந்துவதே அறிவுடைமை என்பேன். தண்டின் போல்ட்டு அறுந்தால் எந்திரச் சுவரே உடையும். கொட்டும் எண்ணெய் பின்சக்கரத்தின் கீழ் பாயும். பொதுச்சாலையில் இது நடந்தால் எதிரே வருபவர் கதி என்ன? இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சோழவரம் விமானத்தளத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளம் இருக்கிறது. ஓட விரும்புவோர் போகவேண்டிய இடம் அத்தகையது.

தேர்ந்த மெக்கானிக்குகள் அந்தப் போல்ட்டின் நீளத்தை இறுக்குமுன் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதிவைப்பார்கள். கழற்றியபின் மீண்டும் அளப்பார்கள். பழைய நீளத்துக்குத் திரும்பாத போல்ட்டைக் குப்பையில் எறிந்துவிடுவார்கள்.