கால்சியமும் சுண்ணாம்பும்



நம் வீடுகளில் நடக்கும் ஒரு காட்சியை நினைத்துப் பார்ப்போம். பாட்டியைப் பரிசோதித்த மருத்துவர், எலும்பு வலுவிழந்திருக்கிறது என்று சொல்லி, கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். வீடு திரும்பிய பாட்டியோ, "இந்த வெள்ளைக்காரன் மருந்தெல்லாம் எனக்கு எதற்கு?" என்று மாத்திரையை ஒதுக்கிவிட்டு, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவத் தொடங்குகிறார். தம் விரல் நுனியில் இருப்பதே கால்சியத்தின் ஒரு வடிவம் என்பது அவருக்குத் தெரியாது.

கால்சியம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? லத்தீன் மொழியில் சுண்ணாம்புக்குக் 'கால்க்ஸ்' என்று பெயர். கிரேக்க மொழியில் கூழாங்கல்லைக் குறித்த 'காலிக்ஸ்' என்ற சொல்லோடு அதற்கு உறவுண்டு என்பர் அறிஞர். அன்று சிறு கற்களை வைத்தே கணக்குப் போட்டார்கள். 'கால்குலேட்டர்' என்ற சொல்லும் அந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். 1808-ஆம் ஆண்டில் லண்டனில் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி, சுண்ணாம்பையும் பாதரச ஆக்சைடையும் கலந்து மின்சாரம் பாய்ச்சி, ஒரு புதிய உலோகத்தைக் கண்டார். சுண்ணாம்பிலிருந்து கிடைத்ததால் அதற்குக் கால்சியம் என்று பெயர் சூட்டினார். ஆகவே, நாம் 'சுண்ணாம்புச் சத்து' என்று சொல்வது வெறும் பேச்சு வழக்கன்று; டேவி வைத்த பெயரின் நேர்ப்பொருளே அதுதான்.

நம் சொல்லின் கதை என்ன? சுண்ணம் என்றால் பொடி. வடமொழிச் 'சூர்ணம்', மருந்துக் கடைச் 'சூரணம்' எல்லாம் அதன் உறவினரே. மேல்நாட்டார் அப்பொருளில் கல்லைக் கண்டார்கள். நம்மவர் பொடியைக் கண்டார்கள். இரண்டும் உண்மையே. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு, நீர் தெளித்து நீற்றினால் பொடியாகிறது. அதையே குழைத்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது.

இதற்குச் சான்று தேட நாம் தொலைவு போக வேண்டியதில்லை. 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நம் ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளைப் பாருங்கள். அவை சுண்ணாம்புக் காரை பூசிய சுவர்கள். உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடுபவை. அவற்றின் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சுவர் கெடுகிறது. நம் தீவின் பெயரும் பாக்கின் பெயர்தான். பினாங் என்றால் மலாயில் பாக்கு. அதன் துணையான சுண்ணாம்புக்கு மலாயில் காப்பூர் என்று பெயர்.

அப்படியானால் வெற்றிலைச் சுண்ணாம்பே எலும்புக்குப் போதுமே என்று சிலர் கேட்கலாம். கூடாது, நேயர்களே. சுண்ணாம்பின் காரம் வாயைப் புண்ணாக்கும். அதனுடன் மெல்லும் பாக்கு புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்குக்கும் இது பொருந்தும்.

நம் உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய ஒரு பங்கு இதயம் துடிக்கவும், தசை இயங்கவும், இரத்தம் உறையவும் உதவுகிறது. உணவில் போதிய கால்சியம் இல்லாவிட்டால், உடல் எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக் கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றில் அந்தச் சத்து நிறைய உண்டு. ஈக்கான் பிலிஸ் என்று சந்தையில் வாங்குகிறோமே, அந்த நெத்திலிதான்.

மருத்துவர் மாத்திரை தந்திருந்தால், அதை அவர் சொன்னபடியே உண்ண வேண்டும். பாட்டி மறுத்தால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பாட்டி, இது வெள்ளைக்காரன் பொருள் அல்ல, நம்முடைய சுண்ணாம்புச் சத்துதான்." பெயர் புரிந்தால் பயம் நீங்கும், மருந்தும் உள்ளே போகும்.