குடிநோயும் மனச்சோர்வும்: ஒரே வாசலில் மருத்துவம்

(கள்ளிக்காட்டில் நலவாழ்வுப் பணியாளர்களும் மகளிர் அயற்கூட்ட உறுப்பினர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



அகத்தியமலைத் தொடரின் அடிவாரத்தில், நெய்யாற்றின் கரையில் அமைந்த ஊர் கள்ளிக்காடு. இந்த ஆற்றின் வழியே கீழே சென்றால் அருவிப்புறம் வரும். 1888 ஆம் ஆண்டில் ஸ்ரீ நாராயண குரு அங்குதான் சிவலிங்கத்தை நிறுவி, பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்பதைச் செயலில் காட்டினார். கள் இறக்குதலையே பிழைப்பாகக் கொண்டிருந்த மக்களிடம், மதுவைக் காய்ச்சுவதும் விற்பதும் அருந்துவதும் ஆகாது என்று எடுத்துரைத்தவரும் அவரே. ஆகவே, மதுவின் தீமை பற்றிய அறிவுரை இம்மண்ணுக்குப் புதியதன்று.

சட்டமும் புதியதன்று. கேரளத்தில் 1996 ஏப்ரல் 1 முதல் சாராயம் தடை செய்யப்பட்டது. எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ளது. அங்குச் சீமை மதுவகைகளை அரசு நிறுவனமே விற்கிறது. இப்பால் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று வகுத்த எல்லையைக் கடந்தால் சட்டம் மாறுகிறது. ஆனால் குடியினால் வரும் நோய் பனச்சமூட்டிலும் களியக்காவிளையிலும் ஒன்றாகவே இருக்கிறது.

அறிவுரை தேவை, சட்டமும் தேவை. எனினும், இவ்விரண்டுக்கும் எட்டாத மனிதர் ஒருவர் நம் ஒவ்வொரு வார்டிலும் இருக்கிறார். அவருக்குக் குடிநோயும் உண்டு; அதனோடு மனச்சோர்வு என்னும் நோயும் உண்டு. அவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இரு நோய்களின் பிணைப்பு

ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். வெயில் ஏறுமுன் பால் நன்றாக வடியும் என்பதால் அவர் விடியற்காலையிலேயே தோட்டத்துக்குச் செல்ல வேண்டும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், பின்னர் அவ்விடத்தில் வெட்ட இயலாது. முன்னிரவு குடித்தவருடைய கை அந்நேரத்தில் நடுங்குகிறது. நடுக்கத்தை நிறுத்த ஒரு மடக்கு குடிக்கிறார். கை நிலைக்கிறது, வேலை நடக்கிறது. சில மாதங்களில் காலைக் குடி இல்லாமல் வேலை இல்லை என்னும் நிலை வருகிறது. மழை நாட்களில் வெட்டு நின்றுபோகிறது; கூலி இல்லை; கடன் ஏறுகிறது. உறக்கம் கெடுகிறது. எதிலும் நாட்டமில்லை. இனி வாழ்ந்து என்ன பயன் என்னும் எண்ணம் தலைகாட்டுகிறது. அந்த எண்ணத்தை மறக்க மீண்டும் குடிக்கிறார்.

மது முதலில் உற்சாகம் அளிப்பதுபோல் தோன்றினாலும், மூளையின் இயக்கத்தை மந்தப்படுத்தும் பொருளே ஆகும். அது உறக்கத்தைக் கலைக்கிறது, கவலையைப் பெருக்குகிறது, தன்னையே மாய்த்துக் கொள்ளும் எண்ணத்துக்கு இருக்கும் தடையைத் தளர்த்துகிறது. மறுபுறம், மனச்சோர்வு உற்றவருக்கு மதுவே எளிதில் கிடைக்கும் மருந்தாகத் தோன்றுகிறது. இவ்வாறு ஒரு நோய் மற்றொன்றை வளர்க்கிறது. மிதமிஞ்சிய எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் உள்ளவர்களிடமும் குடிநோய் பெரிதும் காணப்படுகிறது.

பெங்களூரிலுள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனம் 2015-16 ஆம் ஆண்டுகளில் கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. மதுவினால் நோயுற்றவர்களில் ஏறத்தாழ 86 சதவீதத்தினரும், மனச்சோர்வு உற்றவர்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தினரும் எவ்வித மருத்துவமும் பெறவில்லை என்பதை அது வெளிப்படுத்தியது. 2022 ஆம் ஆண்டின் தேசியக் குற்றப் பதிவேட்டின்படி, இந்தியாவில் இலட்சம் பேருக்கு 12.4 தற்கொலைகள் நிகழ்ந்தன; கேரளத்தில் இது 28.5. எழுத்தறிவிலும் மருத்துவ வசதியிலும் முன்னிற்கும் மாநிலத்தின் நிலை இது என்பதை நாம் மறத்தலாகாது.

2020 கற்பித்த பாடம்

2020 மார்ச் இறுதியில் பெருந்தொற்றை முன்னிட்டு நாடெங்கும் ஊரடங்கு வந்தது; மதுக்கடைகள் மூடப்பட்டன. சில நாட்களுக்குள், மது கிடைக்காததால் உயிரை மாய்த்துக் கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் கேரளத்தின் பல பகுதிகளிலிருந்து வந்தன. மருத்துவர் சீட்டு எழுதித் தந்தால் மது வழங்கலாம் என்று மாநில அரசு மார்ச் 30 அன்று ஆணையிட்டது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது.

மது கொடுப்பதா, மறுப்பதா என்று நாடு வாதிட்டது. மருத்துவ அறிவியலின் விடை வேறு. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் பதற்றமும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை சித்தப் பிரமை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். இதனைத் தணிக்க மருந்துகள் உண்டு. தயமின் எனப்படும் வைட்டமின் பி1 இன்றியமையாதது. ஆகவே அவர்களுக்குத் தேவைப்பட்டது மருத்துவமனைக் கட்டில். எந்த வீட்டில் அத்தகையவர் இருக்கிறார் என்பது முன்னரே தெரிந்திருந்தால், அக்கட்டில் வரை அவரை அழைத்துச் சென்றிருக்கலாம். கள நிலையில் நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

எது முதலில் வந்தது?

குடியினால் மனச்சோர்வு வந்ததா, மனச்சோர்வினால் குடி வந்ததா என்று குடும்பத்தினர் கேட்பர். இதற்கு ஆய்வுகள் ஓரளவு வழிகாட்டுகின்றன. அமெரிக்காவில் பிரௌன், ஷுக்கிட் ஆகிய இருவரும் 1988 இல் வெளியிட்ட ஆய்வில், குடிநோய்க்காகச் சேர்க்கப்பட்ட ஆடவரில் 42 சதவீதத்தினரிடம் தொடக்கத்தில் கடும் மனச்சோர்வு காணப்பட்டது. நான்கு வாரம் மதுவின்றி இருந்தபின் அது 6 சதவீதமாகக் குறைந்தது. அதாவது, பலருக்குக் குடி நின்றால் சோர்வும் விலகுகிறது. விலகாதவர்களுக்கு மனச்சோர்வு தனி நோயாகவே உள்ளது. அதற்குத் தனி மருத்துவம் வேண்டும்.

அவ்வாறு இரண்டும் உள்ளவர்களுக்கு என்ன செய்வது? 2010 இல் பெட்டினாட்டி குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 170 நோயாளிகள் பங்கு பெற்றனர். மனச்சோர்வுக்கான செர்ட்ரலின் மருந்தையும், குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் ஏறத்தாழ 54 சதவீதத்தினர் குடியின்றி இருந்தனர். ஒரு மருந்தை மட்டும் பெற்றவர்களிலும், மருந்தற்ற மாத்திரை பெற்றவர்களிலும் இது 21 முதல் 28 சதவீதத்துக்குள் நின்றது. இரண்டையும் ஒருங்கே கவனித்தால் பயன் மிகும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் நடைமுறையில் நாம் காண்பது என்ன? "முதலில் குடியை நிறுத்திவிட்டு வா, பிறகு மனநோயைப் பார்க்கலாம்" என்கிறது ஒரு வாசல். "முதலில் மனநோய் மருத்துவரைப் பார்த்துவிட்டு வா" என்கிறது மற்றொரு வாசல். இரண்டுக்கும் இடையே நடந்து களைத்தவர் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கள்ளுக்கடை இருக்கிறது.

கைவசம் உள்ள வசதிகள்

இப்பகுதியில் வசதிகள் இல்லாமல் இல்லை. மாநிலக் கலால் துறையின் ‘விமுக்தி’ இயக்கத்தின் கீழ் நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனையில் போதை மீட்பு மையம் அமைக்கப்பட்டது. இவ்வியக்கத்தின் தொலைபேசி எண் 14405. சுகாதாரத் துறையோ, குடும்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வைக் கண்டறிய ‘ஆசுவாசம்’ என்னும் திட்டத்தை ஏற்படுத்தியது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட தேசியத் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்; தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். தாய்மொழியில் அன்றித் தம் துயரைச் சொல்ல இயலாத எல்லையோர மக்களுக்கு இது பெரிய உதவியாகும்.

சட்டமும் துணை நிற்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017 ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், மதுவினால் வரும் மனக்கோளாறுகளையும் மனநோயின் வரையறைக்குள் சேர்த்துள்ளது. ஆகவே குடிநோயாளி மருத்துவம் கேட்பது சலுகை அன்று, உரிமை ஆகும்.

குறை எங்கே? குடி ஒரு துறையின் பொறுப்பு, மனச்சோர்வு மற்றொரு துறையின் பொறுப்பு என்று அமைந்ததில்தான். பதிவேடுகள் இரண்டு, தொலைபேசி எண்களும் இரண்டு. நோயாளியோ ஒருவர். குடும்ப சுகாதார நிலையத்தில் இவை இரண்டும் ஒரே மேசைக்கு வர வேண்டும். குடி பற்றி உலக சுகாதார நிறுவனம் வகுத்த 10 வினாக்களும், மனச்சோர்வைக் கண்டறியும் 9 வினாக்களும் உள்ளன. குடிக்காக வருபவரிடம் அந்த ஒன்பதையும், உறக்கமின்மை, நெஞ்சடைப்பு, உடல் அசதி என்று வருபவரிடம் இந்தப் பத்தையும் கேட்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். நம் மக்கள் ‘மனச்சோர்வு’ என்னும் சொல்லோடு வருவதில்லை. உடலின் முறையீட்டோடுதான் வருகிறார்கள்.

மனநல மருத்துவர்கள் போதுமான அளவில் இல்லையே என்று கேட்கலாம். கோவா மாநிலத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வுகள் 2017 இல் லான்செட் இதழில் வெளியாயின. மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்வாசிகள் பயிற்சி பெற்று ஆலோசனை கூறினர். கடும் மனச்சோர்வு உற்றவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடந்தன; மூன்று மாதத்தில் 64 சதவீதத்தினர் தேறினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் தேறியவர்கள் 39 சதவீதமே. தீங்கு தரும் அளவில் குடித்த ஆடவருக்கு நான்கு அமர்வுகள் வரை நடந்தன. 36 சதவீதத்தினர் பயன் பெற்றனர். மற்றப் பிரிவில் 26 சதவீதத்தினர். இவர்கள் செய்த பணியைப் பயிற்சி பெற்றால் நீங்களும் செய்ய இயலும்.

தமிழ்நாட்டிலும் முன்மாதிரி உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980 இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், 1989 முதல் மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் குடிநோய் சிகிச்சை முகாம்களை நடத்தியது. ஊரார் கண்முன்னே மருத்துவம் நடந்ததால், குடிநோய் இழிவு என்னும் எண்ணம் தளர்ந்தது. சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து கவனிக்கவும் ஊர் துணை நின்றது.

வீட்டார் செய்ய வேண்டுவன

தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள். நெடுநாள் குடித்தவரைப் பூட்டி வைத்துத் திடீரெனக் குடியை நிறுத்த முயலாதீர்கள்; மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். விளம்பரங்களில் வரும் பொடிகளையோ, டைசல்ஃபிரம் மாத்திரையையோ அவர் அறியாமல் சோற்றில் கலக்காதீர்கள். அம்மாத்திரை உடலில் இருக்கையில் மது அருந்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். அது நோயாளியின் சம்மதத்தோடு மருத்துவர் தர வேண்டிய மருந்து. இருமுனை மனநோய்க்கு லித்தியம் உட்கொள்பவர் குடிப்பதும், தாமாகவே மருந்தை நிறுத்துவதும் தீங்கானவை.

"சாக வேண்டும்போல் இருக்கிறது" என்று அவர் சொன்னால், குடிபோதையில் உளறுகிறார் என்று தள்ளாதீர்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதனால் அவ்வெண்ணம் வளர்வதில்லை. கேட்கப்பட்டவர் மனம் திறக்கவே வழி பிறக்கிறது. அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இதற்கு நான்கு வாரம் காத்திருத்தல் கூடாது.

மீண்டவர் ஒருநாள் மறுபடியும் குடிக்கக்கூடும். நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் நாம் மருத்துவத்தைக் கைவிடுவதில்லை, இதுவும் அத்தகையதே. அவரோடு வாழும் மனைவியின் மனநிலையையும் கேளுங்கள். பல வீடுகளில் குடிப்பவர் ஒருவர், மனச்சோர்வைச் சுமப்பவர் மற்றொருவர். குடிக்கும் பெண்களும் உள்ளனர். வெட்கத்தினால் அவர்கள் மருத்துவமனைக்கு வரத் தயங்குகிறார்கள்.

நண்பர்களே, பெரிய கட்டடங்களையோ புதிய சட்டங்களையோ நான் கோரவில்லை. வார்டு தோறும் வீடுகளை அறிந்த ஆஷா பணியாளர் இருக்கிறார். வாரந்தோறும் கூடும் அயற்கூட்டம் இருக்கிறது. குடும்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கு வருபவரிடம் குடியையும் மனத்தையும் சேர்த்தே கேட்போம். இரண்டுக்கும் ஒருங்கே மருத்துவம் கிடைக்கச் செய்வோம். அடுத்த மழைக்காலத்தில் பால்வெட்டு நிற்கும்போது எந்த வீட்டில் ஆபத்து உள்ளது என்பதை இப்போதே அறிந்து வைப்போம். அப்பணியை இந்த மாதமே தொடங்குமாறு கேட்டு அமைகின்றேன்.