கோலாவும் கருவேலப் புகையும்



கோலா உருண்டை தெரியாத காரைக்குடிக்காரர் இருக்க முடியாது. ஆனால் நல்ல கோலா எது என்று கேட்டுப் பாருங்கள், பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். காரம் தூக்கலாக இருக்க வேண்டும் என்பார் ஒருவர். மேலே மொறுமொறுப்பும் உள்ளே மெதுவும் என்பார் இன்னொருவர். இந்த உரையில் என் கட்சியை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோலாவின் தரம் அதன் பிடிமானத்தில் இருக்கிறது. விரலால் தொட்டால் நிற்க வேண்டும், பிட்டால் உதிர வேண்டும், கடித்தால் ரப்பர் போல இழுக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒரே உருண்டையில் சேர்வது லேசான காரியமில்லை.

கோலா என்பது என்ன? எலும்பில்லாத ஆட்டுக்கறியைக் கொத்தி, மசாலாவோடு அரைத்து, பொட்டுக்கடலை மாவு சேர்த்து, உருட்டி எண்ணெயில் பொரிப்பது. கொத்துக்கறிக்கு நாம் சொல்லும் ‘கைமா’ என்ற சொல் கீமா என்று வடக்கே வழங்குவதன் உறவு. மேற்காசியாவிலிருந்து வட இந்தியா வரை பரவியிருக்கும் கோஃப்தாவின் பெயருக்குப் பாரசீக மொழியில் இடித்தது என்று பொருள். நம் கோலாவுக்கும் அந்தக் கோஃப்தாவுக்கும் சொல்லில் உறவுண்டு என்று சொல்வோர் உண்டு. சொல் எப்படியோ, செயலில் உறவு உறுதி. இரண்டுமே இடித்து, அரைத்துப் பிறக்கிற பண்டங்கள்.

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரொன்றில், எனக்குப் பழக்கமான ஓர் ஆச்சி வீட்டுப் பின்கட்டில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வரமிளகாய், சோம்பு, கசகசா, பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்தார். அம்மியில் அதை முதலில் தேங்காயோடு ஓட்டி, பிறகுதான் கறியை வைத்தார். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. குழவி போய் வரப் போய் வர, உதிரி உதிரியாகக் கிடந்த கறி மெல்ல ஒன்று கூடி, கல்லில் ஒட்டத் தொடங்கியது. அப்போதுதான் உப்பும் வதக்கிய சின்ன வெங்காயமும் சேர்த்து இன்னும் நாலு ஓட்டு. கடைசியில் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை மாவு. அரைக்கிலோ கறிக்கு 50 கிராம் இருக்கும். ஓர் உருண்டை பிடித்து இரண்டு உள்ளங்கைக்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். மேலே மயிரிழை வெடிப்பு ஒன்று தெரிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி அம்மியில் தட்டி இரண்டு ஓட்டு ஓட்டினார். இன்னொரு சிட்டிகை மாவு போட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவர் போடவில்லை.

அந்த ஒரு சிட்டிகையைப் போடாமல் விட்டதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. உப்புச் சேர்ந்த பச்சைக் கறியை அரைக்கும்போது, தசையில் இருக்கும் ஒருவகைப் புரதம் கரைந்து பசைபோல வெளியே வருகிறது. வெந்ததும் அந்தப் பசை இறுகி, கறித்துணுக்குகளை ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. ஆக, கறிக்குள்ளேயே கயிறு இருக்கிறது. அளவுக்கு மீறி அரைத்தால் கயிறு முறுக்கேறி உருண்டை ரப்பராகும். அரைத்தது போதாவிட்டால் எண்ணெயில் கரைந்து போகும். கறியை மஞ்சள் போட்டு வேகவைத்து, தண்ணீரைச் சுண்டவைத்து, அதன்பிறகு அரைக்கிற வீடுகளும் செட்டிநாட்டில் நிறைய. அந்தப் பக்குவத்தில் கறியின் சொந்தப் பசை முன்பே இறுகிப் போய்விடுவதால் பொட்டுக்கடலையைக் கூட்டித்தான் ஆக வேண்டும். உருண்டை நிறைய வரும், வாய்க்கு மெதுவாகவும் இருக்கும். ஆனால் கறியின் ருசி ஒரு படி இறங்கிவிடும்.

பொட்டுக்கடலைதான் வேண்டுமா, கடலைமாவு போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். கடலைமாவு பச்சை மாவு. உருண்டையின் நடுவில் அது வேகாமல் நின்றால் பச்சை வாடை காட்டிக் கொடுத்துவிடும். பொட்டுக்கடலை ஏற்கெனவே சூட்டில் பொரிந்தது. கறியும் வெங்காயமும் விடுகிற ஈரத்தைச் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டு, தன் பெயரைச் சொல்லாமல் இருந்துவிடும். கறி ஆகாத நாளில் அதே மசாலாவும் அதே பொட்டுக்கடலையும் வாழைப்பூவைச் சேர்த்துப் பிடித்துக் கோலாவாக்கிவிடுவதும் இதனால்தான்.

காரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று ஊரெங்கும் ‘செட்டிநாடு’ என்று பலகை மாட்டிய கடைகளில் சிவப்பும் எரிச்சலும்தான் செட்டிநாடு என்றாகிவிட்டது. காரைக்குடி அடுப்படியின் முதல் வாசனை மிளகாய் அல்ல, சோம்பு. அதற்குப் பின்னால் மிளகு, கடல் கடந்து வணிகம் செய்த ஊருக்கு உரிய அன்னாசிப்பூ, பிறகு கல்பாசி என்று ஒவ்வொன்றும் தன் முறைக்கு வரும். நல்ல கோலாவில் காரம் தொண்டையில் வந்து நிற்கும், நாக்கைச் சுடாது.

இனி, உள்ளே ஒன்றை வைத்துச் செய்கிற கோலாவுக்கு வருவோம். அவித்த முட்டையைக் கறியால் போர்த்திப் பொரிக்கிற முட்டைக் கோலாவைச் சிலர் வெறும் அலங்காரம் என்பார்கள். எனக்கு அது ஒரு பரீட்சை. முட்டை வழுக்கும், கறி ஒட்டாது. சூட்டில் கறி சுருங்கும், முட்டை சுருங்காது. அதனால் பொரியும்போது வெடித்துத் திறந்துகொள்ளும். முட்டையின் மேல் ஈரத்தைத் துடைத்து, பொட்டுக்கடலைப் பொடியில் ஒருமுறை புரட்டி, எங்கும் ஒரே கனமாகக் கறியைப் போர்த்த வேண்டும். வெளுப்பு, மஞ்சள், பழுப்பு என்று மூன்று வளையமும் இடைவெளி இல்லாமல் ஒட்டி நின்றால் சமைத்தவர் தேறிவிட்டார். வடக்கே நர்கிசி கோஃப்தா என்பதும் இங்கிலாந்தில் ஸ்காட்ச் எக் என்பதும் இதே பரீட்சைதான்.

இதையே பெரிய அளவில் நினைத்துப் பாருங்கள். உருண்டையாக இல்லாமல், முழங்கை நீளத்துக்கு ஓர் உருளை. நடுவில் முட்டை வரிசை அல்லது வதக்கிய வெங்காயம். அமெரிக்கர்கள் இதை மீட்லோஃப் என்பார்கள். 1930-களின் பெரும் பொருளாதார மந்தத்தில், கொஞ்சம் கறியை ரொட்டித் தூள் சேர்த்துப் பெருக்கிக் குடும்பத்துக்கே போட முடிந்ததால் அது வீட்டுக்கு வீடு பரவியது. ஜெர்மனியில் நடுவில் முட்டை வைத்துச் செய்வதைப் ‘பொய் முயல்’ என்று கேலியாகச் சொல்வார்கள். அவர்களுக்கு ரொட்டித் தூள், நமக்குப் பொட்டுக்கடலை. அமெரிக்காவின் தென்பகுதியில் இதை அடுப்பில் சுடாமல், ஸ்மோக்கர் என்னும் புகையடுப்பில் வைப்பதும் உண்டு. ஒரு பக்கம் தீ, மறு பக்கம் கறி, மேலே மூடி. 110 அல்லது 120 டிகிரி செல்சியஸ் மெல்லிய சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம்.

அதை நான் கண்ணால் பார்த்ததும் அதே ஆச்சி வீட்டில்தான். டெக்சாஸில் வேலை பார்க்கும் பேரன் பொங்கலுக்கு வந்திருந்தான். சமையல் எண்ணெய் வந்த டிரம் ஒன்றை நெடுக்காக வெட்டி, கீல் வைத்துப் பின்கட்டில் நிறுத்திவிட்டான்.

“எவ்வளவு நேரம்டா ஆகும்?” என்றார் ஆச்சி.

“மூணு மணி நேரம், அப்பத்தா.”

“மூணு மணி நேரமா? அதுக்குள்ள நான் நாலு ஈடு பொரிச்சு எடுத்துருவேனே!”

ஆச்சி சிரித்தாலும், புகை நம் சமையலுக்குப் புதிதல்ல. மாலத்தீவிலிருந்தும் லட்சத்தீவிலிருந்தும் வரும் மாசி, அவித்துப் புகைபோட்டு உலர்த்திய மீன்தான். இலங்கைச் சமையலுக்கு அது இல்லாமல் ஆகாது. பெருங்காயத்தை நெருப்புக் கங்கில் போட்டு, அந்தப் புகையில் பானையைக் கவிழ்த்து, பிறகு மோர் ஊற்றிவைத்த வீடுகள் நம்மிடம் இருந்தன. கறியைக் கெடாமல் வைக்கச் செட்டிநாடு பெரிதும் நம்பியது வெயிலை. மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் கோத்து, முற்றத்து வெயிலில் காயவைத்த உப்புக்கண்டம் மாதக்கணக்கில் ஜாடியில் கிடக்கும். வெயில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற சீமையில் புகையைத் தேடிப் போக அவசியம் வரவில்லை.

ஆனால் புகைக்கான விறகு நம் வாசலிலேயே கிடக்கிறது. டெக்சாஸ்காரர்கள் காசு கொடுத்து வாங்கிக் கொண்டாடும் மெஸ்கீட் மரமும், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கும் நம் சீமைக்கருவேலமும் ஒரே பேரினத்துப் பிள்ளைகள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குள் வந்த மரம் இது. அகற்றச் சொல்லி 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட்டது. இன்றும் இதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவது இந்தப் பக்கத்தில் பலருக்குப் பிழைப்பு. விவசாயிக்கு வில்லனான மரம் பேரனுக்குப் பொக்கிஷமாகிவிட்டது.

முதல் முயற்சி பாழாய்ப் போனது. பேரன் பச்சை வெங்காயத்தை அரிந்து போட்டிருந்தான். மெல்லிய சூட்டில் அது நீர்விட்டு, உருளை நடுவே பிளந்து, முட்டை எட்டிப் பார்த்தது. விறகிலும் ஈரம் இருந்தது. வெள்ளைப் புகை கிளம்பி, மேல்பரப்பு முழுக்கக் கரிப்பும் கசப்பும். அடுத்த நாள் ஆச்சியே அம்மியில் உட்கார்ந்தார். வெங்காயத்தை வதக்கினார். மசாலாவை வழக்கத்தைவிட ஒரு நிமிஷம் கூடுதலாக வறுத்தார். கொதிக்கும் எண்ணெயில் என்றால் மசாலா அங்கேயே பொரிந்து வாசம் விடும், புகைச் சூட்டுக்கு அந்தத் தெம்பு கிடையாது என்பதை யாரும் சொல்லாமலே கண்டுகொண்டார். வெள்ளாட்டுக் கறியில் கொழுப்புக் குறைவு. காய்ந்துவிடக் கூடாதென்று, ஆட்டுக் குடலைப் போர்த்தியிருக்கும் வலைபோன்ற கொழுப்பைக் கறிக்கடையில் கேட்டு வாங்கி உருளைமேல் சுற்றினார்கள். சூட்டுக்குச் சீமைக்கருவேலங்கரி, வாசத்துக்குக் காய்ந்த கருவேலங்குச்சி இரண்டே இரண்டு. இந்த முறை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாய் ஓர் இழை புகை. முதல் ஒரு மணி நேரம் மட்டும் திறந்த புகையில் வைத்து, பிறகு வாழையிலையில் சுற்றிவிட்டார்கள்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். முழுத் துண்டுக் கறியில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்துக்கறியில் அது உள்ளேயும் கலந்துவிடும். ஆகவே நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட்டே தீர வேண்டும். அதற்கென்று குத்திப் பார்க்கிற வெப்பமானி இருக்கிறது. நிறத்தை நம்பக் கூடாது. புகையில் வெந்த கறியின் ஓரம் முழுதும் வெந்த பின்னும் இளஞ்சிவப்பாகவே நிற்கும்.

இலையைப் பிரித்து வெட்டினார்கள். வளையம் கலையவில்லை. முதல் வாய் அருமை. புகையும் சோம்பும் ஒன்றாக மூக்குக்கு ஏறின. இரண்டாவது வாயிலும் குறையில்லை. மூன்றாவதில் நான் சோம்பைத் தேட வேண்டியிருந்தது. புகை நல்ல விருந்தாளி, ஆனால் நாற்காலி கொடுத்தால் முதலாளி இடத்தில் உட்கார்ந்துவிடும். எண்ணெயில் பொரிந்த உருண்டைக்குக் கிடைக்கிற அந்த மேல் மொறுமொறுப்பும் இதில் இல்லை. அதேசமயம், ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குப் பரிமாற, எண்ணெய் அதிகமில்லாமல், ஈரப்பதம் குறையாமல் இப்படி ஒரு கறி கிடைப்பதும் சின்ன விஷயமில்லை. என் மதிப்பெண்ணைக் கேட்டால், கோலாவுக்கு நூறு என்றால் இந்தப் புகை உருளைக்கு எழுபத்தைந்து. அந்த எழுபத்தைந்தில் டிரம்முக்கும் கருவேலத்துக்கும் இருபதுதான். மீதி ஐம்பத்தைந்தும் அம்மிக்கு.

ஆகவே நேயர்களே, புகையடுப்பு வாங்கக் காசைச் செலவழிக்காதீர்கள். இறுக மூடுகிற ஓர் இரும்புச் சட்டி, கொஞ்சம் கருவேலங்கரி, நன்றாகக் காய்ந்த இரண்டு குச்சி இருந்தால் திறந்த முற்றத்தில் நீங்களே செய்து பார்க்கலாம். அம்மி இல்லாவிட்டால் மிக்ஸியைத் தொடர்ந்து ஓடவிடாமல் விட்டுவிட்டுச் சுற்றுங்கள், கறி சூடேறக் கூடாது. உருண்டையில் வெடிப்புக் கண்டால் கை மாவு டப்பாவுக்குப் போகும். போக விடாதீர்கள். இன்னும் இரண்டு ஓட்டு அரையுங்கள்.